வைத்தியரின் பச்சைப் புள்ளி

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்றுதான் ஊரே அவனைச் சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நடந்தால் சத்தமே வராது என்பதால் சின்ன வயதில் அவனுக்குப் 'பூனை' என்று பேர் வைத்தது நான். இன்றைக்கும் வீட்டில் அதுதான் பேர். வீட்டில் என்றால் நாங்கள் இரண்டே பேர். என் கணவர் போன பிறகு நான் இவனோடு வந்து சேர்ந்துகொண்டேன். கல்யாணப் பேச்சை எடுத்தால் இவன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவான். எனக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேசை வேலை. ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழும் பெரிய மனிதர்களை எழுப்பி உட்கார வைப்பேன்.

ஒரு தடவை எங்கள் நிலையம் இருக்கும் கட்டடத்து லிஃப்டில் நானே மாட்டிக்கொண்டேன். கூட ஒரு கல்லூரிப் பெண். விளக்கு அணைந்ததும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் இருட்டில் கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போது கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வந்துட்டேங்க. உள்ள யாருக்காவது மூச்சு முட்டுதா? ஒண்ணும் ஆகாது. லிஃப்ட் கீழ விழாது, அதுக்குத் தனியா பிரேக் இருக்கு. கதவை மட்டும் தள்ளாதீங்க."

என் தம்பியின் குரல்தான். ஆனால் அவ்வளவு நிதானமாக, அவ்வளவு நேரம் அவன் பேசி நான் கேட்டதில்லை. மாடியில் மோட்டார் ரூமுக்குப் போய்க் கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். போவதற்கு முன்னால் கதவில் வாயை வைத்துச் சொன்னான்: "இப்ப மேல போறேன். கொஞ்ச நேரம் என் குரல் கேக்காது. ஆனா நான் போயிடல. பயப்படக் கூடாது." அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டாள். கதவு திறந்ததும் என்னைப் பார்த்தான். "நீயா? தெரிஞ்சிருந்தா டீ குடிச்சிட்டு வந்திருப்பேனே" என்றான்.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! நிலையத்தில் எல்லோரிடமும் என் தம்பி, என் தம்பி என்று தம்பட்டம் அடித்தேன்.

இவனுக்கு இன்னொரு குரல் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரும்.

கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. அதில் கில்டு என்று ஒரு கூட்டம். முகம் பார்க்காத நாற்பது பேர் ஒரே கொடியின் கீழ் சேர்ந்துகொண்டு, ஆளுக்கொரு பொம்மையை ஓட்டிக்கொண்டு, வாரம் ஒரு முறை இன்னொரு கூட்டத்தின் கோட்டையைப் பிடிக்கப் போவார்கள். 'இரும்புக்கோட்டை' என்பது இவர்கள் கில்டு. லீடர் என் தம்பி. அங்கே அவன் பேர் 'இடி'. பூனை வீட்டில், இடி வெளியில் என்று நான் கேலி செய்வேன். அதை அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

முதலில் இவன் லீடர் இல்லை. ஒப்புக்கு ஒரு ஓரத்தில் நின்று விளையாடிக்கொண்டிருந்தவன்தான். கூட்டத்தை நடத்திய பழைய ஆள் விலகியதும், யாரும் கேட்காத நேரத்தில் இவன் ஒரு நாள் மைக்கில் கத்தினான். அன்றைக்கு ஜெயித்தார்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கத்தினான், இன்னும் ஒரு படி ஏறினார்கள். திட்டினால் தரவரிசையில் ஏறலாம் என்பது அவன் மனதில் பதிந்துவிட்டது. ஏறிய பிறகு இறங்கிவிடுவோமோ என்ற பயம் வேறு. கம்பெனியில் சூப்பர்வைசர் ஆயிரம் சொன்னாலும் "சரிங்க சார்" என்பவன், இங்கே நாற்பது பேர் தன்னிடம் "சரிண்ணா" என்று சொல்வதில் ருசி கண்டுவிட்டான். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். "கை என்ன வாடகைக்கு விட்டிருக்கியா?" "உன்னையெல்லாம் எவன் சேத்தான்?" இதெல்லாம் அங்கே சாதாரணம். அதற்கு மேலும் உண்டு, அதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

அந்தக் கூட்டத்துக்கென்று சில சட்டங்கள். ஒன்று, எல்லோருடைய பாஸ்வேர்டும் லீடரிடம் இருக்க வேண்டும். யாராவது வர முடியாமல் போனால் வேறொருவர் அந்தப் பொம்மையை ஓட்டுவார். ஆள் குறைந்தால் சண்டை போச்சு. இன்னொன்று, 'நடு'. சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார்கள், யார் எத்தனை பேரைக் காப்பாற்றினார்கள் என்று திரையில் வரும். கடைசியில் இருப்பவர் தன் பொம்மையை, சண்டைக்கு முன்னும் பின்னும் கில்டு கூடும் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று வாய்க்கு வந்தபடி பேசலாம். அவர் பதில் பேசக் கூடாது. இதைக் கண்டுபிடித்தது என் தம்பி. "அப்பத்தான்கா ரோஷம் வரும்" என்றான்.

நடுவில் அதிகமாக நின்றவர் 'வைத்தியர்' என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு பெரியவர். கூட்டத்தில் ஹீலர் அவர்தான். அதாவது அடிபட்டவர்களின் பின்னால் ஓடி அவர்களைப் பிழைக்க வைக்கும் வேலை. மைக்கில் பேச மாட்டார், எழுதுவதோடு சரி. திட்டி முடித்ததும் ஒரே பதில்தான் எழுதுவார்: "மன்னிக்கணும். அடுத்த வாரம் பாத்துக்கறேன்." ஒரு முறை தம்பிக்குத் தனியாக எழுதியிருந்தார், கை முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது தம்பி, என்னைப் பின் வரிசைக்கு மாத்துங்க என்று. இவன் என்ன பதில் போட்டான் தெரியுமா? "வயசைச் சொல்லி ஒதுங்கப் பாக்காதீங்க. முடியலன்னா நடையைக் கட்டுங்க." இதை அவனே என்னிடம் படித்துக் காட்டினான். கண்டிப்பான ஆள் என்று நான் மெச்ச வேண்டுமாம்.

அதற்குச் சில வாரம் கழித்து வைத்தியர் வருவதை நிறுத்தினார். கோபித்துக்கொண்டார் என்றுதான் இவன் நினைத்தான். நீங்க இல்லன்னா கில்டு நின்னுடும்னு நெனப்பா, பெரிய மனுஷத்தனமா இது என்றெல்லாம் அவருக்கு எழுதிப் போட்டான். பதில் இல்லை. வேறு ஹீலரும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய லேப்டாப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் இடி, இன்னொரு கையில் வைத்தியர் என்று இரண்டையும் அவனே ஓட்டினான்.

விளையாட்டில் யார் உள்ளே இருந்தாலும் அவர் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். வைத்தியர் பேருக்குப் பக்கத்தில் அன்றைக்கு எரிந்தது.

சண்டை மும்முரமாக நடக்கும்போது வைத்தியருக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியது 'முயல்குட்டி' என்று ஒரு பொம்மை. விளையாட ஆரம்பித்த முதல் நாள் எல்லோரிடமும் இருக்குமே, அந்த மாதிரி ஒன்றுமில்லாத சின்னப் பொம்மை. "அப்பா?" என்று மட்டும் எழுதியிருந்தது.

எதிராளிகள் இப்படிச் சின்னப் பொம்மைகளை அனுப்பி ஹீலரின் கவனத்தைக் கலைப்பது அங்கே வழக்கமாம். வழி தெரியல அண்ணா, காப்பாத்துங்க அண்ணா என்று ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பார்கள். அதற்குக் கில்டில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அப்பன், ஆத்தாள் யாரையாவது இழுத்து ஒரு வார்த்தை சொல்லித் துரத்திவிடுவது. இவனும் யோசிக்கவில்லை. விரல் தானாக எழுதியது.

"உங்கப்பன் செத்துட்டான். ஓடு."

சண்டையில் ஜெயித்தார்கள். தரவரிசையில் இரண்டாம் இடம். இன்னும் ஒரு கோட்டை பிடித்தால் முதலிடம். டீ போட்டுக்கொண்டு பால்கனிக்கு வந்தான், முகமெல்லாம் பல்.

"யாரோ ஒருத்தன் 'அப்பா'ன்னு வந்தான்கா. உங்கப்பன் செத்துட்டான் போடான்னேன். அதோட ஆளையே காணோம்."

நான் சிரித்தேன். டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். இதை எழுதாமல் விடலாம்தான். விட்டால் அவனை மட்டும் மாட்டிவிட்ட மாதிரி ஆகும்.

மறுநாள் அவன் வேலை முடியும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். ஸ்பேனர் பை தோளில் தொங்குகிறது, ஷூவைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். எங்காவது ஷாக் அடித்துவிட்டதோ என்று பதறிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன். போனை என்னிடம் நீட்டினான். கில்டில் எல்லோரும் பார்க்கும் பலகையில் முயல்குட்டி எழுதியிருந்தது.

"வணக்கம். இங்கே வைத்தியர் என்ற பெயரில் விளையாடியவர் என் அப்பா. நான் அவர் மகள். போன மாதம் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். அவர் பொம்மை கடைசியாக எங்கே நிற்கிறது என்று பார்க்க நேற்று உள்ளே வந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா எனக்குச் செய்துகொடுத்த ஐடி இது. வந்து பார்த்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அதனால் எழுதிவிட்டேன். வந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். இதை எழுதியது யார் என்று மட்டும் சொல்லுங்கள்."

கீழே படம். அப்பா? உங்கப்பன் செத்துட்டான். ஓடு.

நேற்றுப் புரையேறியது ஞாபகம் வந்தது. இவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சத்தியமா தெரியாதுக்கா. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்னுதான் நெனச்சேன்."

"தெரியாதுன்னா? அவர் உயிரோட இருந்து, அந்தப் பொண்ணு அவரைத் தேடி வந்திருந்தா மட்டும் நீ எழுதினது சரியா?"

கேட்டபிறகு எனக்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஷூவின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்து முடிச்சை இறுக்கிவிட்டான். நான்தான் குனிந்து கழற்றிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. துணை லீடர், குளவி என்று பேர். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடும் பையன் என்பார்கள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அண்ணா, பாத்தீங்களா? ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. ஐடியை எவனோ ஹேக் பண்ணிட்டான்னு போட்டுடலாம்."

"நான்தான்டா எழுதினேன்."

"அது எனக்குத் தெரியும்ணா. அந்தப் பொண்ணுக்குத் தெரியணுமா? ஞாயித்துக்கிழமை கடைசி கோட்டை. அடுத்தவர் ஐடியை ஓட்டினோம்னு இப்ப நீங்க மாட்டினா, கேம் கம்பெனிக்காரங்க கில்டையே தூக்கிடுவாங்க. நாப்பது பேர் ராத்திரி பகலா உழைச்சது. உங்க ஒருத்தருக்காக எல்லாரும் போகணுமா?"

இவன் "பாக்கலாம்" என்றான். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நாற்பது பேரை நாக்கால் ஆட்டி வைத்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

இவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளவி பலகையில் போட்டுவிட்டான். எங்கள் அன்புக்குரிய வைத்தியரின் ஐடி திருடப்பட்டுவிட்டது, அந்தக் கயவனைக் கண்டுபிடிப்போம் என்று. அதற்குக் கீழே வரிசையாக மெழுகுவர்த்திப் படங்கள், அழும் முகங்கள். தங்கமான மனிதர், எங்களுக்கெல்லாம் தந்தை மாதிரி. யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று இவனிடம் பேர் பேராகக் கேட்டேன். எல்லோரும் அவரை நடுவில் நிறுத்திச் சுற்றி நின்றவர்கள்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனை வீசியிருப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலமே முயல்குட்டி பதில் எழுதியது. "நன்றி. திருடன் என்றதும் மனம் கொஞ்சம் லேசானது. அப்பா உங்களைப் பற்றியெல்லாம் நல்லபடியாகத்தான் சொல்வார்."

அவ்வளவுதான். விஷயம் முடிந்துவிட்டது. இவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். தப்பிக்கிற வழியை அந்தப் பெண்ணே திறந்து கொடுத்துவிட்டாள். அதுதான் இவனைத் தூங்க விடவில்லை, சாப்பிட விடவில்லை.

அந்த வாரம் கம்பெனிக்கு இவனைப் பற்றி முதல் முறையாகப் புகார் வந்தது. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை இவன்தான் போய் வெளியே எடுத்தான். வேலையில் குறை இல்லை. ஆனால் மெக்கானிக் வந்தாரா இல்லையா என்றே உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லையாம், ஒரு வார்த்தை பேசவில்லையாம். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டதற்கு இவன் "சரிங்க சார்" என்றிருக்கிறான்.

"ஏன்டா பேசல?" என்றேன்.

"பேசப் போனேன்கா. கதவுல வாயை வெச்சேன். என் குரலே எனக்குப் பிடிக்கல."

சனிக்கிழமை லேப்டாப்பைத் திறந்து வைத்தியரின் ஐடிக்குள் போனான். நான் பின்னால் நின்றேன். உள்ளே வந்திருந்த செய்திகளெல்லாம் வரிசையாக இருந்தன. முக்கால்வாசி இவன் அனுப்பியவை. அவர் இறந்த பிறகு அனுப்பியவையும் அதில் இருந்தன. படித்துப் பார்க்க ஆளில்லாததால் அவை மட்டும் தடித்த எழுத்தில் நின்றன. பெரிய மனுஷத்தனமா இது.

"அவர் பொண்ணுகிட்ட ஐடியைத் திருப்பிக் குடுக்கணும்" என்றான். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "இதையெல்லாம் அழிச்சிட்டுக் குடுக்கவா?"

"அழிச்சிட்டு?"

அவன் அழிக்கவில்லை. அதிலிருந்து வெளியே வந்து, தன் பேர் தெரியாதபடி புதிதாக ஒரு ஐடி செய்து, முயல்குட்டிக்கு ஒரு வரி எழுதினான்: உங்கள் அப்பாவின் ஐடி பற்றிப் பேச வேண்டும். எழுதியதை அனுப்பிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பேசச் சம்மதித்தாள். விளையாட்டிலேயே பேசும் வசதி இருக்கிறது. நான் வெளியே போகிறேன் என்றேன். "இரு அக்கா. நீ இல்லன்னா நான் பாதி சொல்லிட்டு நிறுத்திடுவேன்" என்றான்.

மைக்கைப் போட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டான். வந்தது லிஃப்ட் கதவுக்கு வெளியே நான் கேட்ட குரல்தான், அதே நிதானம்.

"வணக்கம்மா. நான் உங்க அப்பாவோட கில்டுல..."

"நீங்க இடி" என்றாள் அவள்.

இவன் இன்னும் தன் பேரைச் சொல்லவில்லை. ஒரு வரி கூட முடியவில்லை.

"எப்படிம்மா..."

"அப்பா ஹெட்போன் போட மாட்டார். காது வலிக்கும். ஸ்பீக்கர்லதான் வெப்பார். ஞாயித்துக்கிழமை நாலு மணியானா எங்க வீடு முழுக்க உங்க குரல்தான். நான் சமையல் கட்டுல நின்னு கேப்பேன். மெதுவா பேசினா தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

இவன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மைக்குக்குக் கிட்டத்தில் போய்ச் சொன்னான். "திருடன் யாரும் இல்லம்மா. அதை எழுதினது நான்தான். அவர் ஐடியை நான்தான் ஓட்டினேன். அவர் போனது எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதை சாக்கா சொல்லல."

"'அப்பா?'ன்னு நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுதான் எழுதினீங்களா?"

"ஆமாம்மா."

அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. இவன் பழக்கத்தில் சொன்னான்: "நான் இருக்கேன்மா. போயிடல."

"தெரியும்" என்றாள். "அந்தப் புள்ளி பச்சையா எரிஞ்சதும் ஒரு நிமிஷம் அவர்தான்னே நெனச்சுட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். எல்லாம் முடிஞ்சது தெரிஞ்சும் நெனச்சேன். அப்பதான் உங்க பதில் வந்தது."

"மன்னிக்கணும்" என்றான் இவன். சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டான். அது வைத்தியர் எழுதும் வார்த்தை. அவளும் அதைக் கவனித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அவ்வளவு திட்டறாங்களே, ஏம்பா அங்க போறீங்கன்னு அப்பாவைக் கேட்டேன்" என்றாள். "ரிட்டயர் ஆனப்பறம் என்னை யாரும் எதுக்கும் கூப்பிடறதில்லம்மா, அந்தத் தம்பி வாரா வாரம் பேர் சொல்லிக் கூப்பிடறான், திட்டினாலும் கூப்பிடறான்ல அப்படின்னார். அதனாலதான் நீங்க எல்லாரும் நல்லவங்கன்னு எழுதினேன். அவர் சொன்னதைத்தான் எழுதினேன். நான் நம்பி எழுதல."

இவன் பாஸ்வேர்டைச் சொன்னான். உள்ளே நான் அனுப்பினதெல்லாம் அப்படியே இருக்கு, படிக்க வேண்டாம்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, ஆனா படிச்சா மனசு கஷ்டப்படும் என்றான். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

நாலு மணிக்கு நாற்பது பேரும் கூடத்தில் கூடிவிட்டார்கள். கடைசிக் கோட்டை. இவன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, இடி என்ற அந்தப் பெரிய கவசம் போட்ட பொம்மையை நடத்திக்கொண்டு போய்க் கூடத்தின் நடுவில் நிறுத்தினான்.

"அண்ணா, எங்க போறீங்க?" என்றான் குளவி. "வரிசையில நில்லுங்க, கேட் தொறக்கப் போகுது."

"வைத்தியர் ஐடியை யாரும் திருடல. அந்தப் பொண்ணுக்கு அப்படி எழுதினது நான். பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்றேன். நடுவுல நிக்க வேண்டிய ஆள் நான்தான். இன்னிக்கு நான் வரல. இனிமேயும் வரல."

அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள். "சண்டை முடிஞ்சு சொன்னா என்னவாம்?" "இப்ப வந்து சீன் போடறாரு." "முடியலன்னா நடையைக் கட்டுங்க." "உங்களையெல்லாம் எவன் லீடர் ஆக்கினான்?" எல்லாம் இவன் சொல்லிக் கொடுத்த பாடம். ஒரு வார்த்தை கூடப் புதிதில்லை. சட்டப்படி நடுவில் நிற்பவர் பதில் பேசக் கூடாது. இவன் பேசவில்லை. காது இரண்டும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். நான் ஸ்பீக்கரை அணைக்கப் போனேன், வேண்டாம் என்று கையைத் தடுத்தான்.

அப்போது ஓரத்தில் இருந்த பேர் வரிசையில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. வைத்தியர்.

குளவிதான் முதலில் பார்த்தான். "டேய், ஹீலர் ஐடி உள்ள வந்துடுச்சு! யாருப்பா ஓட்டறது? யாரா இருந்தாலும் சரி, வரிசைக்கு ஓடு, ஓடு! மரம் மாதிரி நிக்காத!"

"குளவி, வாயை மூடு" என்றான் என் தம்பி. "அது அவரோட பொண்ணு."

சட்டென்று நாற்பது மைக்கும் அடங்கிவிட்டது. வைத்தியரின் பொம்மை கூடத்து வாசலில் நின்றது. மெலிந்த உருவம், வெள்ளை அங்கி, கையில் ஒரு கோல். ஓட்டத் தெரியாத கை, பொம்மை சுவரில் ஒரு முறை முட்டியது, திரும்பி நின்றது. பிறகு திரையின் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அப்பா எங்கே நிற்பார்? நானும் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன்."

மெழுகுவர்த்தி போட்டவர்கள், தந்தை மாதிரி என்று எழுதியவர்கள், எல்லோருக்கும் இடம் தெரியும். ஒருவன் சொல்லட்டுமே. என் தம்பி மைக்கை இழுத்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இங்கதான்மா" என்றான். "நான் இப்ப நிக்கற இடத்துல."

அவன் நகர்ந்து இடம் விட்டான். வைத்தியர் மெதுவாக நடந்து வந்து நடுவில் நின்றார்.